அம்மாவிடமும் சொல்லவில்லை

என் வயதுப் பெண்களே, நம்மில் பாதிப் பேருக்குக் கண் மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோக்க மருமகளைக் கூப்பிடுகிறோம். ஆனால் பத்து வயதுக்குள் மனப்பாடம் செய்த வேத வசனங்கள் மட்டும் யாரையும் கூப்பிடாமல் தாமாகவே வாய்க்கு வந்துவிடுகின்றன. அடுப்பு ஊதும்போது வருகின்றன. பல் துலக்கும்போது வருகின்றன. வேண்டாம் என்றாலும் வருகின்றன.

போன மாதம் நம் பெண்கள் கூட்டத்தில், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி எழுந்து கேட்டாளே, நினைவிருக்கிறதா? நாம் செய்கிற நல்ல காரியங்களை மனிதர்கள் பார்க்க வேண்டும் என்று ஓரிடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளிப் பார்த்தால், யாருக்கும் தெரியாமல் செய், தெரிந்தால் பலன் இல்லை என்று இருக்கிறது. எதைச் செய்வது என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். அங்கே அதிக வசனம் தெரிந்தவள் நான் என்று உங்களுக்கு ஓர் எண்ணம். நான் தலையைக் குனிந்துகொண்டு பாயிலிருந்து கோரையைப் பிய்த்தேன். எழுந்து நின்று பேச எனக்கு வராது. காகிதம் முகத்தைப் பார்க்காது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் தெரு தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் பின்னால், பாலாற்றை ஒட்டி இருந்தது. வாணியம்பாடியிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் தெருமுனையிலேயே முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் ஊரிலும் தோல் ஷாப்பு இருக்கிறதே என்று அம்மா சிரிப்பாள். எங்களுக்கு அந்த வாடை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வேலை நின்று வாடை கொஞ்சம் கம்மியாகும்போதுதான் ஏதோ குறைகிறது என்று தோன்றும். தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டை மலைபோலக் குவிந்திருக்கும். மழை பெய்தால் அதன் அடியிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் ஓடி வந்து எங்கள் வாசலைக் கடந்து ஆற்றுக்குப் போகும். அதில் கால் நனைத்தால் பாதம் சிவக்கும். எனக்கு அது பிடிக்கும்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவருக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. ஊறின தோலைத் தொட்டியிலிருந்து இழுக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். ஒருவன் முந்தினால் மற்றவன் தொட்டியில் விழுவான். அப்படி இழுக்கிற இருவரையும் ஜோடி என்பார்கள். ஜோடி அமைந்துவிட்டால் வருஷக்கணக்கில் மாற்ற மாட்டார்கள். சுண்ணாம்பு தின்று நைனாவின் நகங்கள் அரைகுறையாகத்தான் இருந்தன. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. சாயங்காலம் அம்மா விளக்கெண்ணெயைச் சுடவைத்து அந்தக் கைகளில் தடவுவாள். அப்போது இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். நைனா பொதுவாகவே பேசாதவர். நான் அவர் பெண்தான்.

நைனாவின் ஜோடி எங்கள் சபைக்காரன் அல்ல, மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன். கல்யாணம் ஆகாதவன். ஆண்டுக்கொரு முறை, பொங்கலுக்கு மறுநாள், எனக்குக் கரும்பு கொண்டுவந்து தருவான். ஒரு கோடையில் அவன் வேலைக்கு வரவில்லை. "ஊருக்குப் போய்ட்டான்" என்றார்கள். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. நைனாவுக்குப் புது ஜோடி போட்டார்கள். அந்த வாரம் முழுதும் நைனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் ஷாப்பு மேஸ்திரியும் எங்கள் சபை மூப்பரும் ஒரே ஆள். ஆறு நாள் தொட்டிக்கரையில் குடையோடு நின்று அதட்டுகிறவரே ஏழாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காணிக்கைப் பை நீட்டிக்கொண்டு வருவார். எங்கள் தெருவில் இதை யாரும் விசேஷமாக நினைக்கவில்லை. கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன். அம்மாவின் பிரசவத்துக்கு மிஷன் ஆஸ்பத்திரி வண்டியை ஓடிப்போய் அழைத்துவந்தவர் அவர்தான்.

சபையில் உபதேசியார் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடமும் அவரே நடத்தினார், பிரசங்கமும் அவரே செய்தார். ஒரு வசனம் தப்பில்லாமல் ஒப்பித்தால் ஒரு வர்ணச் சீட்டு தருவார். சிவப்பு, பச்சை, நீலம், ஓரத்தில் பூ. நான் எல்லார் முன்பும் ஒப்பிக்க மாட்டேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு சுவரைப் பார்த்து நின்று ஒப்பிப்பேன். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சீட்டை நீட்டுவார். ஒரு தகரப் பெட்டி நிறையச் சேர்த்திருந்தேன். பெட்டியைத் திறந்தால் புதுக் காகிதமும் பசையும் கலந்து ஒரு வாசனை வரும். எங்கள் வீட்டிலேயே தோல் வாடை இல்லாத ஒரே இடம் அதுதான். பிற்பாடு அந்தப் பெட்டி எங்கே போனது என்று தெரியவில்லை. நான் தேடவும் இல்லை.

நைனாவின் ஜோடி காணாமல் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நைனாவிடம் ஒரு மாற்றம் வந்தது. எங்கள் சபைக் கோயிலில் முதல் பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விடுவார். உச்சி வெயிலில் வீடு திரும்பும்போது அவர் துண்டில் கள்ளு வாடை அடிக்கும். எங்கள் சபையில் கள்ளு குடிக்கக் கூடாது. நைனா கல்யாணத்துக்கு முன்பே அதைத் தொடாதவர். அம்மா முதல் வாரம் கேட்டாள். அவர், "ஒண்ணுமில்ல" என்றார். இரண்டாம் வாரமும் கேட்டாள். மூன்றாம் வாரம் கேட்கவில்லை. துண்டைத் தனியாகத் துவைத்தாள்.

நான்காம் வாரம் பாட்டு நடக்கும்போதே என் காதில் சொன்னாள். "உங்க நைனா எழுந்து போனா நீ பின்னாலயே போ. கள்ளுக்கட பக்கம் போறாரான்னு பாத்துட்டு வந்து சொல்லு. தெரியாம போ."

போனேன். நைனா நேராகப் பனந்தோப்புக் கள்ளுக்கடைக்குப் போய் ஒரு கலயம் வாங்கினார். அப்படியே திரும்பி ஓடியிருக்கலாம். ஆனால் அவர் குடிக்காமல் கலயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினார். நாணலுக்குப் பின்னால் மணலில் ஒரு பனையோலைக் குடிசை இருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வந்துட்டியா பாதிரியாரே? இன்னிக்கு பிரசங்கம் இன்னா?"

"காலை நீட்டுடா" என்றார் நைனா.

"மொதல்ல கலயத்த காட்டு. போன வாரம் உன் கள்ளுல மீனு நீந்துச்சு. தண்ணி ஊத்துனது நீயா, கடைக்காரனா?"

நைனா சிரித்தார். வாய்விட்டு. வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த ஆள் வெளியே தவழ்ந்து வந்தான். அது அவருடைய பழைய ஜோடி. இரண்டு காலும் கந்தையில் சுற்றியிருந்தன. கைவிரல்கள் மடங்கிப் பாதியாகியிருந்தன. பெருவியாதி, குஷ்டம். நைனா வேப்பிலைத் தண்ணீரை ஊற்றி அவன் பாதங்களைக் கழுவினார். கல்லில் தேய்ந்த புண்களை ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்தார். பிறகு கலயத்தை அவன் வாயில் வைத்துப் பிடித்தார். அவனால் பிடிக்க முடியாது. நுரை வழிந்து நைனாவின் துண்டெல்லாம் நனைந்தது.

"அப்பாடா" என்றான் அவன். "இது எறங்குனா ரெண்டு நாளைக்கி எரிச்சல் தெரியாது. உன் சாமி இதுக்கு கோச்சுக்குமா?"

"தெரியலடா."

"கோச்சுக்கினா என் பேர சொல்லு. எனக்கு இதுக்குமேல இன்னா ஜாஸ்தியா ஆவப்போவுது?" என்றவன் என்னைப் பார்த்துவிட்டான். "டேய், உன் பின்னால ஒரு குருவி வந்து நிக்குது."

நைனா திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயம். "கிட்ட வராத. அங்கயே நில்லு."

அவன் துணியால் முகத்தை மூடிக்கொண்டான். "பயப்படாத பாப்பா. ஊருக்குப் போய்ட்டேன்னு சொன்னாங்கல்ல? இதான் அந்த ஊரு. என்கூட ஒரே சொம்புல தண்ணி குடிச்ச ஒருத்தனயே மேஸ்திரி ஷாப்பு கேட்டுக்கு வெளிய தள்ளிட்டாரு. உங்க நைனா இங்க வர்றது தெரிஞ்சா இவனுக்கும் அதே கதிதான். வராதடான்னு நானும் வாராவாரம் சொல்றேன். கேக்குறானா?"

"வராதன்னு சொல்லிட்டு வழிய பாத்துக்கினு உக்காந்துகீற" என்றார் நைனா.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நைனா எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தார். ஊருணியில் கைகால் கழுவிக்கொண்டு, மண் தேய்த்து மறுபடியும் கழுவினார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா அனுப்புச்சாளா?"

தலையாட்டினேன்.

"சரி. வெளிய யார்கிட்டயும் மூச்சு வுடாத, இன்னா?"

"சரி நைனா."

அவருக்குப் பேச்சு அவ்வளவுதான். ஆனால் நான் வீடு சேர்வதற்குள் மீதியை நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாதம்தான் உபதேசியார் எங்களுக்கு அந்தப் பகுதியை மனப்பாடம் கொடுத்திருந்தார். தர்மம் செய்வதை மறைவாகச் செய்தால் அதற்குப் பரலோகத்தில் பலன் உண்டு. மனிதருக்குக் காட்டினால் பலன் இங்கேயே தீர்ந்துபோகும். நைனா ஏன் மூச்சு விடக் கூடாது என்றார் என்பது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டதுபோல இருந்தது. குடிசைக்காரன் மேஸ்திரியைப் பற்றிச் சொன்னதும் காதில் விழத்தான் செய்தது. ஆனால் பத்து வயதில் மேஸ்திரியைவிடப் பரலோகம் எனக்குப் பக்கத்தில் இருந்தது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நைனா பின்கட்டுக்குப் போகும்வரை காத்திருந்து கேட்டாள்.

"பாத்தியா?"

"காணலம்மா. திரும்பி வர்ற வழியிலதான் பாத்தேன்."

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் சுவரைப் பார்த்து நின்று, அந்தப் பகுதியை ஒப்பித்துவிட்டு, உபதேசியாரிடம் கேட்டேன். ஓரிடத்தில் காட்டச் சொல்கிறதே, ஓரிடத்தில் மறைக்கச் சொல்கிறதே, எது சரி?

"ரெண்டும் வேதம்தான். ரெண்டையும் மனப்பாடம் பண்ணு, ரெண்டு சீட்டு கெடைக்கும்" என்று சிரித்தார். அவர் வீட்டுக்கு ஆடு வாங்கப் போக வேண்டிய அவசரத்தில் இருந்தார்.

"ஒருத்தர் மறைவா நல்லது செய்யறார்னு வெச்சுக்கோங்க ஐயா. அவரு சொல்லல. வேற ஆளு போய் சொன்னா? அப்பவும் பலன் போய்டுமா?"

இதை நான் எவ்வளவு நேரம் தொண்டையில் வைத்திருந்து கேட்டேன் என்று அவருக்குத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார். "யார் சொன்னா இன்னா? தெரிஞ்சா தெரிஞ்சதுதான். கூலி இங்கயே வாங்கியாச்சு."

ஒரு பச்சைச் சீட்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் சபையில் இராப்போசனம் வருஷத்துக்கு நாலே தடவை. வேலூரிலிருந்து மிஷன் துரை வந்தால்தான் உண்டு. அதற்கு முந்தின ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்க விரும்புகிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். உபதேசியார் எழுதிக்கொள்வார். மூப்பர் பக்கத்தில் நிற்பார். யார் மேலாவது புகார் இருந்தால் எல்லார் முன்பும் கேட்பார்கள். சரியான பதில் இல்லை என்றால் பெயரை நிறுத்திவைத்து, இன்னார் நிறுத்தப்பட்டார் என்று உரக்க வாசிப்பார்கள். நிறுத்தப்பட்டவர் அன்றிலிருந்து வாசலோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். நம் காலத்துக்குப் பிறகு இந்த வழக்கம் போய்விட்டது. நல்லதுதான்.

நைனா பெயர் கொடுக்கப் போனார். மூப்பர் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் நில்லுப்பா. போன ஞாயித்துக்கெழம பனந்தோப்புல இருந்து கலயம் எடுத்துக்கினு போனியே, நானே பாத்தேன். இல்லன்னு சொல்லு, உட்டுடறேன்."

"எடுத்துக்கினு போனேன்" என்றார் நைனா.

"குடிச்சியா?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

"குடிக்கலன்னா யாருக்கு எடுத்துக்கினு போன? அதயாவது சொல்லு. உன் மேல எனக்கு கோவம் இல்லப்பா. கேக்கவேண்டிய எடத்துல நிக்கிறேன்."

குடிக்கவில்லை என்று சொன்னால் யாருக்கு என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்பது மூப்பர் மட்டுமல்ல, மேஸ்திரியும்தான். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நைனா தம் பலனைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார், நானும் காப்பாற்ற வேண்டும். வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெண், நான் வாந்தியெடுக்கப் போகிறேன் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

உபதேசியார் பெயரை வாசித்தார். நைனா நடந்துபோய் வாசலோரம் உட்கார்ந்தார். அம்மா கடைசி வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒரு மௌனம் வந்தது. அதுவரை இருந்தது வேறு மௌனம். விளக்கெண்ணெய் சுடவைப்பது நின்றது. அம்மா நைனாவின் தட்டைத் தனியாக வைத்தாள். சோறு போட்டு வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தம்பி அப்போது கைக்குழந்தை. நைனா அவனைத் தூக்கக் கை நீட்டினால் அம்மா சட்டென்று வாரி எடுத்துக்கொள்வாள். நைனா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். கோபப்பட மாட்டார். அவர் கோபப்படாததே அம்மாவுக்குக் கோபம். குற்றம் செய்தவன்தான் இப்படி அடங்கிப்போவான் என்று அவள் தண்ணீர்க் குடத்திடம் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா முன்போலவே வாசலோரத்திலிருந்து எழுந்து போனார். இப்போது அது சுலபமாகவும் இருந்தது, செருப்பு பக்கத்திலேயே கிடந்தது.

இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. ஆலங்காயத்திலிருந்த மாமா, அம்மாவின் அண்ணன், மாட்டுவண்டி அனுப்பினார். நைனா வேலைக்குப் போயிருந்தார். அம்மா மூட்டை கட்டினாள். நீ பள்ளிக்கூடம் போக வேண்டும், அவருக்கும் கஞ்சி காய்ச்ச ஆள் வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அடியே, என்னப் பாரு. அன்னிக்கு உன்ன அனுப்புனேன், காணலன்னு வந்து சொன்ன. நெசமாவே காணலியா?"

நான் தம்பியின் காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்தேன்.

"உங்க நைனா குடிக்கிறாரா, இல்லியா? ஊரு சொல்றது வேணாம், மூப்பர் சொல்றது வேணாம். நீ சொல்லு. குடிக்கலன்னு நீ ஒரு வார்த்த சொன்னா இந்த மூட்டய அவுத்துடறேன்."

அம்மாவின் கண் என் முகத்திலேயே இருந்தது. எனக்கு அந்த வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. குடிக்கல. ஐந்தே எழுத்து. ஆனால் சொன்னால் எப்படித் தெரியும் என்பாள், எங்கே பார்த்தாய் என்பாள், முழுவதும் சொல்ல வேண்டும். தெரிந்தால் தெரிந்ததுதான் என்றாரே உபதேசியார். கோயிலில் எல்லார் முன்பும் தலைகுனிந்து நின்று நைனா காப்பாற்றியதை நான் ஒரு மூட்டைக்காகக் கொடுத்துவிடுவதா? அம்மா கொஞ்ச நாளில் வந்துவிடுவாள். பரலோகத்துப் பலன் போனால் வராது.

"தெரியாதும்மா" என்றேன்.

அம்மா எழுந்தாள். "நீ பொய் சொல்ற பொண்ணு இல்ல. அதான் தெரியாதுங்கற" என்று என் தலையை ஒரு முறை தடவினாள். வண்டி போனது.

சாயங்காலம் நைனா வந்து வெறும் தூளியைப் பார்த்தார். "போய்ட்டாளா?" என்றார். பிறகு, "சரி, அதுவும் கொழந்தைக்கு நல்லதுதான்" என்றார். எனக்கு அவர் மேல் முதல் தடவையாக வெறுப்பு வந்தது.

அந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலையில் கஞ்சி காய்ச்சுவேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. குடிகாரன் பெண் என்று நேரே சொல்ல மாட்டார்கள், இடம் மட்டும் விடுவார்கள். வீட்டுக்கு வந்தால் தூளிக் கயிறு காற்றில் ஆடும். அதை அவிழ்க்க எனக்கு உயரம் போதவில்லை, நைனாவுக்கு மனம் இல்லை. பட்டைக்குவியல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு தெரிந்த வசனங்களையெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். நல்லவன் ஒருவனும் இல்லை என்று ஒரு வசனம். இன்னார் உத்தமனாயிருந்தான் என்று வேறொன்று. நீதிமான் கைவிடப்பட்டதைப் பார்த்ததே இல்லை என்கிறது ஒன்று. நீதிமானுக்குத் துன்பம் நிறைய என்கிறது ஒன்று. எல்லாவற்றுக்கும் சீட்டு வாங்கியிருந்தேன். எல்லாம் ஒரே புத்தகத்துக்குள் எப்படிச் சண்டை போடாமல் இருக்கின்றன என்று ஆச்சரியப்படுவேன். பிறகு, இங்கே கிடைக்காததெல்லாம் அங்கே நைனாவுக்குச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன். இங்கே எவ்வளவு கம்மியோ அங்கே அவ்வளவு ஜாஸ்தி. அதைச் சொல்லிக்கொண்டால்தான் கீழே இறங்கி விளக்கேற்ற முடியும்.

பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு நைனா துண்டில் வாடையில்லாமல் வந்தார். நகக்கண்ணில் ஆற்றுமணல் இருந்தது. "முடிஞ்சுது" என்றார். தாமே குழி தோண்டியிருக்கிறார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "என் ஜோடி இனிமே தவழ வேணாம்" என்றார். பிறகு, "அடுத்த ஞாயிறு ஆலங்காயம் போய் உங்கம்மாவையும் தம்பியையும் இட்டுக்கினு வரலாம். இனிமே ஒண்ணும் பயமில்ல" என்றார்.

அந்த வார நடுவிலேயே மாமா வீட்டு ஆள் வந்தான். ஆலங்காயத்தில் வாந்திபேதி. தம்பி பிழைத்துவிட்டான். அம்மா முந்தின நாள் மத்தியானம் போய்விட்டாள். அடக்கமும் செய்துவிட்டார்கள். அந்த நோய்க்குப் பிணத்தை வைத்திருக்க மாட்டார்கள்.

நைனா போய்விட்டு மூன்று நாள் கழித்து வெறுங்கையோடு வந்தார். தம்பியை மாமா தரவில்லை. குடிகாரன் வீட்டில் தாயில்லாப் பிள்ளையை விட மாட்டேன் என்றாராம். அவன் அங்கேயே வளர்ந்தான். பிற்பாடு என் கல்யாணத்துக்கு வந்தவன் என்னை வாங்க போங்க என்று பேசினான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து மூப்பரும் உபதேசியாரும் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார்கள். மூப்பர் நைனாவின் தோளில் கை வைத்தார். உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது. "ஆண்டவர் ஒருத்தன அடிக்கிறாருன்னா திருத்தத்தான் அடிக்கிறாரு. இதோட அத வுட்டுடுப்பா" என்றார். நைனா, "வுட்டுட்டேன் மூப்பரே" என்றார். அவர்கள் திருப்தியோடு போனார்கள்.

நான் சோறு போட்டேன். கேழ்வரகுக் களி, கீரை. நடு மத்தியானம், தெருவில் யாரும் இல்லை. நைனா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

"நைனா, நான் யார்கிட்டயும் சொல்லல."

"இன்னாது?"

"ஆத்துக்குப் போனது. உன் பலன் அப்படியே கீது. நான் அம்மாகிட்ட கூட சொல்லல."

நைனா நிமிர்ந்து பார்த்தார். "உங்கம்மாகிட்ட சொல்லலியா?"

"மூட்ட கட்டினு கேட்டாங்க. குடிக்கலன்னு சொன்னா போக மாட்டேன்னு சொன்னாங்க. அப்பகூட நான் சொல்லல நைனா."

அவர் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "வேல போய்டும்னு வெளிய சொல்லாதன்னேன். உன்ன அனுப்புனதே அவதானே பாப்பா? வந்ததும் அவகிட்ட சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். வியாதிக்கு பயந்துதான் எனக்கு தட்டு தனியா வெக்கிறா, கொழந்தைய தொடவுட மாட்டேங்கிறான்னு நெனச்சேன். அது நாயம்தானேன்னு இருந்துட்டேன்."

நான் அழக்கூட இல்லை. எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை.

"அப்போ," என்றார், "நான் குடிகாரன்னு நெனச்சுக்கினேதான் போனாளா?"

நான் தலையாட்டினேன்.

அவர் என்னை அடிக்கவில்லை. திட்டவில்லை. தட்டை என் பக்கம் தள்ளினார். "நீ சாப்புடு பாப்பா. ஆறிப்போவுது."

மூன்று மாதம் கழித்து நைனாவின் பெயரை மறுபடியும் சேர்த்தார்கள். மனந்திரும்பினவர் என்று உரக்க வாசித்தார்கள். அவர் எழுந்து முன்னே போகவில்லை. சாகிற வரைக்கும் பெயர் கொடுக்கவும் இல்லை. வீம்பு பிடித்தவர் என்றார்கள். நான் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் அது என் பழக்கமாகிவிட்டது.

அந்தப் புதுப்பெண்ணின் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இரண்டு வசனமும் இன்றைக்கும் எனக்குத் தப்பில்லாமல் வரும். எது எந்த வேளைக்கு என்று மட்டும் தெரியாது. பரலோகத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியாது. நைனாவுக்கு வேண்டியிருந்தது என்ன என்று மட்டும் தெரியும்.

அம்மா போனபின் அவர் மாதம் ஒரு ஞாயிறு ஆலங்காயத்துக்கு நடந்தே போனார். முந்தின நாள் வேலை விட்டதும் கிளம்புவார், மறுநாள் பொழுது சாயத் திரும்புவார். அங்கே மாமா வீட்டுக்குப் போக மாட்டார். கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் போவார். வருஷக்கணக்கில் போனார். எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில் ஒரு தடவை நானும் அவரோடு போனேன். மலையடிவாரத்தில் பெயர்கூட எழுதாத ஒரு மண்மேடு. நைனா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து, மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "இன்னா சொன்ன நைனா?"

"குடிக்கலன்னு சொன்னேன்."

"ஒவ்வொரு தடவையும் அதேதானா?"

நைனா நடந்துகொண்டே இருந்தார். பத்துப் பதினைந்து அடி போன பிறகு சொன்னார்.

"அவ இன்னும் ஒண்ணும் சொல்லலியே பாப்பா."